செவ்வாயில் இரண்டாம் ஷிப்ட்

குருபரப்பள்ளி நெடுஞ்சாலையில், பஞ்சர் ஒட்டும் கடையில் வளர்ந்தவனுக்கு மூன்று பாஷையில் திட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். கௌஸ் மொய்தீனுக்கு வாங்கவும் தெரியும், திருப்பிக் கொடுக்கவும் தெரியும். பெங்களூர் லாரி கன்னடத்தில் வையும், சித்தூர் லாரி தெலுங்கில் வையும், சேலத்து லாரி தமிழில் வையும். மூன்றையும் கலந்து, அந்தந்த டிரைவரின் குரலிலேயே அவன் திருப்பிச் சொல்லும்போது வைதவனே ஸ்டியரிங் மேல் விழுந்து சிரிப்பான். "ஒங்க பையன் சினிமாவுக்குத்தான் போவான் பாய்" என்று அவன் அத்தாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார்கள்.

அவன் போனது சினிமாவுக்கு அல்ல. 1979-இல் ஓசூரில் புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலைக்கு. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் வேண்டிய பிராக்கெட்டுகளை அங்கே இரும்புத் தகட்டிலிருந்து பவர் பிரஸ்ஸில் அடித்து எடுத்தார்கள். கௌஸுக்கு ஆறாம் நம்பர் பிரஸ் கிடைத்தது. ஏழாம் நம்பரில் நின்றவன் ஆஞ்சப்பன்.

ஆஞ்சப்பன் தொரப்பள்ளிப் பக்கத்து ஆள். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பிறர் நிலத்தில் குனிந்தே வேலை செய்திருந்தார்கள். "எங்க தாத்தா குனிஞ்சாரு, எங்கப்பா குனிஞ்சாரு. நான்தான்டா நிமிந்து நிக்கிறேன். கால் வலிக்குது, ஆனா முதுகு வலிக்கல" என்பான். சட்டைப் பையில் குத்திய அடையாள அட்டையைச் சலவைக்குப் போடும்போதுகூடக் கழற்றமாட்டான் என்று அவன் மனைவி சென்னம்மா கேலி செய்வாள்.

இவர்கள் இருவருக்கும் நடுவே வந்து சேர்ந்தவர் கோவிந்தப்பன். டூல் ரூமில் ஃபிட்டர். அரம் பிடித்த கையால் புத்தகமும் பிடிக்கிறவர். ராக்கெட் பற்றி, நட்சத்திரங்கள் பற்றி மலிவு விலையில் வந்த ரஷ்யப் புத்தகங்களையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்து பெங்களூர் போய், இங்கிலீஷ்காரன் எடுத்த விண்வெளிப் படம் ஏதாவது பார்த்துவிட்டு வருவார். திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கதை சொல்வார். அப்படிச் சொல்லிச் சொல்லி, 1985 ஆயுத பூஜைக்குத் தாமே ஒரு நாடகம் எழுதினார். பெயர், 'செவ்வாயில் ஒரு ஷிப்ட்'.

கதை எளியது. செவ்வாய்க் கிரகத்தில் தொழிற்சாலை கட்டுகிறார்கள். ஓசூரிலிருந்து ஆட்களை ராக்கெட்டில் ஏற்றிப் போகிறார்கள். அங்கே முதலாளியை எதிர்த்துப் பேசியவனுக்குச் சுவாசிக்கிற காற்றை நிறுத்திவிடுகிறார்கள். அவன் துடித்துச் சாகிறான். கல்லும் கரையவேண்டும் என்று அந்தக் கடைசிக் காட்சியைக் கோவிந்தப்பன் பதினோரு முறை திருத்தி எழுதினார்.

ஒரு சின்ன இயந்திர மனிதன் வேடமும் அதில் இருந்தது. பெயர் 'டப்பா'. வசனம் மொத்தம் நாலு வரி. அதைக் கௌஸுக்குக் கொடுத்ததுதான் அவர் செய்த தவறு. பதினைந்து கிலோ எண்ணெய் டின் இரண்டை ஒட்டி உடம்பு, பழைய சைலன்சர் குழாயில் கைகள், தலைக்கு ஒரு பெயின்ட் டப்பா. மேடைக்கு வந்ததும் கௌஸ் கன்னடத்தில் ஒன்று, தமிழில் இரண்டு, தெலுங்கில் மூன்று எண்ணிவிட்டு, நான்குக்கு எந்தப் பாஷை என்று தெரியாமல் அப்படியே விறைத்து நின்றான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

கடைசிக் காட்சி வந்தது. காற்றில்லாமல் தொழிலாளி சாகிறான். டப்பாவின் மடியில் அவன் தலை. சபையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். அந்த நேரத்தில் கௌஸுக்கு எங்கிருந்தோ ஒரு வரி வந்தது. மேலே அண்ணாந்து, இயந்திரக் குரலில், "சார், இவர் செத்துட்டாரு. ஆனா கார்டு பஞ்ச் பண்ணல. லீவா, ஆப்சென்டா?" என்றான்.

சிரிப்பு இரண்டு நிமிடம் ஓயவில்லை. அந்த நாடகத்தை பாகலூரில் கேட்டார்கள், சூளகிரியில் கேட்டார்கள், பக்கத்துத் தொழிற்சாலைகள் நான்கு கேட்டன. ஒன்பது தடவை போட்டார்கள். ஒன்பது தடவையும் அந்த இடத்தில் சிரிப்பு. ஒன்பது தடவையும் கோவிந்தப்பன் திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றார்.

"செத்தவன் மேல சிரிச்சாங்க கௌசு. என் நாடகத்தைக் கொன்னது முதலாளி இல்ல, நீ" என்றார்.

கௌஸ் அதையும் சிரித்தே கடந்திருப்பான். அடுத்த வருஷம் மே மாதம் அப்படி விடியாமல் இருந்திருந்தால்.

அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது, அதுதான் ஏற்பாடு. அறிவுள்ளவன் செய்த ஏற்பாடு. ஆனால் ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்தெண்ணூறு பிராக்கெட் என்று திட்டப் பிரிவில் எவனோ நாற்காலியில் உட்கார்ந்து எழுதிவிட்டான். தகடு வைத்து, இரண்டு பொத்தான் அழுத்தி, மறுபடி தகடு வைத்தால் ஆயிரத்து முந்நூறுதான் வரும். மிச்சம் ஐந்நூறுக்கு வழி? விரலளவு மரச்சில்லு ஒன்றை இடது பொத்தானின் சந்தில் செருகிவிட்டால், அது அழுந்தியபடியே நிற்கும். வலது கை மட்டும் பொத்தானுக்கு. இடது கை தகடு வைக்க. இதற்குப் பெயர் 'கட்டை'.

கட்டை ரகசியம் அல்ல. ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் திம்மராயனே கொடுப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஏழெட்டுக் கட்டை இருக்கும். கட்டை தேய்ந்து விழுந்தால் பிரஸ் இரைச்சலுக்கு மேலே "திம்மண்ணா, கட்டை!" என்று கத்த வேண்டும். அவர் திரும்பியே பார்க்காமல் பையில் கைவிட்டு நீட்டுவார். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பது முறை இது நடந்தது.

அந்த மே மாதத்தில் ஒரு காலை, பதினோரு மணிக்கு, ஆஞ்சப்பனின் இடது கை அரைக் கணம் தாமதித்தது. மூன்று விரல்கள் போயின.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். பொத்தானில் கட்டை இருந்தது, ஆஞ்சப்பன் தானே செருகியிருக்கிறான், அஜாக்கிரதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினான், தற்காலிக வேலை நீக்கம். திம்மராயன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், "இப்படி ஒரு கட்டையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை" என்று இருந்தது. அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இருவர்; எழுதச் சொன்னவர்களுக்கு அது தெரியும். மற்ற ஆபரேட்டர்கள் வாயைத் திறக்கவில்லை. 'எல்லாரும் செருகுகிறோம்' என்று சொன்னால் எல்லாரும் குற்றவாளி. கௌஸும் திறக்கவில்லை. அவனுடைய ஆறாம் நம்பரிலும் கட்டை இருந்தது. டார்கெட் குறையவில்லை, அதனால் விபத்துக்குப் பிறகும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் இறுதி விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் ஆஞ்சப்பன் நிரந்தரமாக வெளியே. ஏழு விரலோடு தொரப்பள்ளிக்குத் திரும்பி, மறுபடி குனிய வேண்டும்.

பிரஸ்ஸுக்கு வருஷா வருஷம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்களே தவிர, கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புக் கதவு வைக்கவில்லை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கினால் திருஷ்டி கழிந்தது என்றவர்கள், விரல் நசுங்கினால் அஜாக்கிரதை என்றார்கள்.

கோவிந்தப்பன் கொதித்துப்போனார். பத்தே நாளில் இரண்டாம் பாகம் எழுதினார். 'செவ்வாயில் இரண்டாம் ஷிப்ட்'. அதில் டப்பாவின் கை பிரஸ்ஸில் சிக்கி உடைகிறது. உடைந்த இயந்திரம் எதற்கு என்று அதைக் குப்பையில் எறிகிறார்கள். குப்பைமேட்டில் டப்பா நீண்ட வசனம் பேசி அணைந்துபோகிறது. ஒரு சிரிப்புகூடக் கிடையாது.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது அவர் தெளிவாகச் சொன்னார்: "பெங்களூர்ல ஒரு படம் பாத்தேன். மொத பாகத்துல பூமி அழியப் போவுது. நாற்காலியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கோடிக்கணக்கா வசூல் ஆச்சாம். உடனே ரெண்டாம் பாகம். அதுலயும் பூமி அழியுது. ஆனா அழியறப்ப ஒருத்தன் ஜோக் அடிக்கறான், இன்னொருத்தன் கண்ணடிக்கறான். எனக்கு என்னா தோணுச்சு தெரியுமா? அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவட்டும்னு தோணுச்சு. அவனுக்கே அக்கறை இல்ல, எனக்கென்னா? சிரிப்பு வந்தா பயம் போயிடும். பயம் போனா நாடகம் போயிடும்."

"எழவு வீட்டுல பாத்ததில்லயாண்ணா?" என்றான் கௌஸ். "ஒரு பக்கம் மாரடிச்சு அழுவாங்க. இன்னொரு பக்கம் செத்தவரு எப்பிடி பஸ்ல டிக்கெட் எடுக்காம வந்தாருன்னு சொல்லிச் சிரிப்பாங்க. சிரிச்சவனுக்கு துக்கம் இல்லன்னு ஆயிடுமா?"

"அது வேற, இது வேற."

"எது வேற? நீங்க எழுதின சாவும் எழவு வீடுதானே?"

"போன வருஷம் நீ பண்ணின கூத்து போதும்டா."

ஆஞ்சப்பன் டீ டம்ளரை இடது கையின் இரண்டு விரலில் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தான். "சண்டை போடாதீங்கப்பா. எனக்கு இன்னும் ஏழு இருக்கு. வாரத்துக்கு ஏழு நாளு, கணக்கு சரியாப் போச்சு" என்றான். கௌஸுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. தன் சிரிப்பு பாதியில் நிற்கிறது என்பது அவனுக்குப் புதிது.

உண்மையில் அவன் கோவிந்தப்பன் பக்கம் சாய்ந்திருந்தான். வீட்டில் மனைவி வஜிஹாவிடம் அதைச் சொன்னான். "நான் மேடையில கைய நீட்டினா ஜனம் சிரிக்கும். ஆஞ்சப்பன் கையப் பாத்துச் சிரிச்ச மாதிரி ஆயிடுச்சுன்னா? அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

வஜிஹா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "போன வருஷ நாடகத்துல எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்லீங்க. காத்து நின்னுச்சு, செத்தான், அவ்ளோதான். ஆனா 'லீவா ஆப்சென்டா'ன்னு கேட்டீங்களே, அது மட்டும் போவ மாட்டேங்குது. அன்னிக்கிச் சிரிச்சேன். ராத்திரி படுத்தா நெஞ்சுல குத்துது, நாளைக்கு இந்த மனுசனுக்கும் அப்பிடித்தானே கேப்பானுங்கன்னு. உங்க கோவிந்தப்பண்ணன் வசனம் கேட்டு அழுதவங்கல்லாம் வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கிட்டாங்க."

பிரச்சினையைத் தீர்த்து வைத்தவர் பர்சனல் ஆபீசர். பூஜை நாடகத்தின் வசனத்தை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் கோவிந்தப்பனின் முப்பது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில், 'நல்ல நாளில் விபத்து வேண்டாம்'. வாயால் சொன்னது கொஞ்சம் அதிகம்: "மெட்ராஸ்லேர்ந்து ஜி.எம். குடும்பத்தோட வர்றார். அழுமூஞ்சி நாடகம் எதுக்கு? காமெடி போடுங்கப்பா. அந்த பாய் இருக்கானே, டப்பா, அவனை விட்டு ஏதாவது பண்ணச் சொல்லுங்க. காமெடிக்கு வசனம்கூட காட்ட வேணாம்."

அதிகாரத்தின் அறிவு இவ்வளவுதான். அழுகிறவனைக் கண்டு பயப்படும். சிரிக்க வைக்கிறவனுக்குக் கேட்டைத் திறந்துவிடும்.

"நாடகமே வேணாம்" என்றார் கோவிந்தப்பன். கௌஸ் ஆஞ்சப்பன் வீட்டுக்குப் போனான்.

"கட்டையை வெச்சு ஒரு காட்சி பண்ணலாம்னு இருக்கேன்டா. சிரிப்புக் காட்சி. நீ வேணாம்னா வேணாம்" என்றான்.

ஆஞ்சப்பன் பேசுமுன் சென்னம்மா பேசினாள். "அஞ்சு மாசமா வர்றவங்க எல்லாம் இவரு கையப் பாத்து உச்சுக் கொட்டிட்டுப் போறாங்கண்ணா. உச்சுக் கொட்டினதுல ஒருத்தராவது கட்டையக் குடுத்தது யாருன்னு கேட்டாங்களா? எங்களுக்கு அழுவ ஆள் வேணாம். நீங்க சிரிக்க வைங்க."

"என்னைப் பாத்துச் சிரிச்சாலும் பரவால்லடா" என்றான் ஆஞ்சப்பன். "என்னைப் பாத்தா சரி. இப்ப யாரும் பாக்கறதே இல்ல."

ஒரு சிக்கல். வேலை நீக்கத்தில் இருப்பவன் கேட்டுக்குள் வரக் கூடாது. ஆனால் ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் குடும்பத்தை அழைத்துவரப் பாஸ் உண்டு. வஜிஹா கௌஸின் பாஸில் 'அண்ணன், அண்ணி' என்று இரண்டு பேரை எழுதிக்கொண்டாள். கேட்டில் காவல்காரர் பாஸையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய் வீட்டு அம்மாவுக்கு ஆஞ்சப்பன்னு அண்ணனா?"

"ஏன், இருக்கக் கூடாதா?" என்றாள் வஜிஹா. "கூடப் பொறந்தாத்தான் அண்ணனா? உங்களையும் நாலு வருஷமா அண்ணன்னுதானே கூப்புடறேன், அப்ப நீங்க யாரு?"

காவல்காரர் வழிவிட்டார்.

காலையில் இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். பகல் மூன்று மணிக்கு நாடகம். பிரஸ் ஷாப்புக்கு வெளியே தார்ப்பாய் கட்டிய மேடை. முன்வரிசையில் ஜி.எம்., அவர் மனைவி, பர்சனல் ஆபீசர். இரண்டாம் வரிசையில் சூப்பர்வைசர்கள். பூஜையில் அவர்கள் யூனிபாரத்தில்தான் நிற்க வேண்டும் என்பது வழக்கம் என்பதால் திம்மராயனும் காக்கிச் சட்டையில் இருந்தார். பின்னால் தொழிலாளிகளும் குடும்பங்களுமாக ஐந்நூறு பேர். நடுவில் எங்கோ, மடியில் கையை மறைத்தபடி ஆஞ்சப்பன்.

கோவிந்தப்பன் கடைசியில் வந்துவிட்டார். வேண்டாவெறுப்பாகச் செவ்வாய்க் கிரகச் சூப்பர்வைசர் வேடம் கட்டிக்கொண்டார். இரண்டு அடி நீளத்தில் ஒரு விறகுக்கட்டையை எடுத்துவந்து டப்பாவிடம் நீட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை.

டப்பா மேடைக்கு வந்தது. மேஜைமேல் இரண்டு பெரிய சிவப்புப் பொத்தான்கள். அது இடது பொத்தானில் ஒரு கை வைத்தது. வலது பொத்தானில் ஒரு கை வைத்தது. பிறகு தகட்டைப் பார்த்தது. தகடு எட்ட இருந்தது. இடது கையை எடுத்துத் தகட்டைத் தொட்டது, பொத்தான் எழும்பிவிட்டது. வலது கையை எடுத்தது. அந்தப் பொத்தான் எழும்பிவிட்டது. மூக்கால் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தது. பெயின்ட் டப்பாத் தலைக்கு மூக்கு இல்லை. உட்கார்ந்து பார்த்தது. உட்கார்ந்த இடத்தில் பொத்தான் அழுந்த, "அய்யோ" என்று மூன்று பாஷையில் எழுந்தது.

"பூமிக்கு டெலிபோன்! ஹலோ, திட்டப் பிரிவா? டார்கெட்டு ஆயிரத்து எண்ணூறு. கை ரெண்டு. ஒரு கை பத்தல. மூணாவது கை அனுப்புங்க." காதில் வைத்துக் கேட்டது. "ஆர்டர் போட்டாச்சா? ஜப்பான்லேர்ந்து வருதா? எப்ப வரும்? ...ரிட்டையர் ஆவறப்பவா?"

பிரஸ் ஷாப் ஆட்கள் பெஞ்சிலிருந்து சரிந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது. "என்னாங்க, எதுக்குச் சிரிக்கறீங்க, சொல்லிட்டுச் சிரிங்களேன்" என்று புருஷன்மார்களை இடித்தார்கள். ஜி.எம். மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். திம்மராயன் சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து, பக்கத்து ஆள் பிடித்துக்கொண்டார். அஞ்சு மாதமாகச் சிரிக்காத மனுஷன்.

இப்போது கோவிந்தப்பன் விறகுக்கட்டையோடு வர வேண்டும். வரவில்லை. கௌஸ் டப்பாத் தலையின் ஓட்டை வழியே பக்கவாட்டில் பார்த்தான். திரை ஓரத்தில் கோவிந்தப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விறகுக்கட்டையைக் கட்டிப்பிடித்தபடி குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று ஒரு கணம் பயந்துவிட்டான். இல்லை, சிரிக்கிறார். சிரிப்பை அடக்கத் தெரியாமல், நுழைய வேண்டிய நேரத்தையே மறந்துவிட்டார்.

மேடையில் சும்மா நிற்க முடியாது. கௌஸ் தினமும் செய்வதைச் செய்தான். பொத்தானில் வலது கையை வைத்தபடி, இடது கையைப் பின்னால் நீட்டி, பிரஸ் இரைச்சலுக்கு மேலே கத்துகிற அதே குரலில் கத்தினான்.

"திம்மண்ணா, கட்டை!"

கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்த திம்மராயனின் கை, அவரைக் கேட்காமலே சட்டைப் பைக்குப் போனது. எழுந்தார். இரண்டே எட்டில் மேடை விளிம்புக்கு வந்து, "இந்தா ரா" என்று நீட்டினார்.

விரலளவு மரச்சில்லு. ஓரம் எண்ணெய்க் கறுப்பு. மேடையின் விளிம்பில், ஐந்நூறு பேருக்கு முன்னால், அவர் விரல்களுக்கு இடையில் இருந்தது.

முதலில் சிரிப்பு இடிபோல எழுந்தது. பிறகு பெஞ்சு பெஞ்சாக அடங்கியது. யார் முதலில் புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. திம்மராயன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், அது வேறு யாருடைய கையோ போல. கடைசியில் ஒரே ஒரு ஆளின் சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது. ஆஞ்சப்பன். அவன் நிறுத்தவில்லை. சிரித்துச் சிரித்து, மறைத்து வைத்திருந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லாரும் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"அது என்ன?" என்றார் ஜி.எம்.

"நாடகச் சாமான் சார்" என்றார் பர்சனல் ஆபீசர், மூச்சுவிடாமல்.

ஜி.எம். அவரைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தார். "நாடகச் சாமானா?"

கௌஸின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. நல்ல பதில். சொன்னால் ஐந்நூறு பேரும் மறுபடி சிரிப்பார்கள், திம்மராயன் தப்பிப்பார், பர்சனல் ஆபீசர் கைதட்டுவார், எல்லாரும் சுண்டல் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவன் வாழ்க்கையில் தொண்டைவரை வந்த ஒரு ஜோக்கை விழுங்கியது அதுவே முதல் தடவை. பெயின்ட் டப்பாவைத் தலையிலிருந்து கழற்றினான்.

"இல்லீங்க சார். எங்க நாடகச் சாமான் அதோ, ரெண்டு அடி. கோவிந்தப்பண்ணன் கையில இருக்குது. இது நெசக் கட்டை. தெனமும் இவரு குடுப்பாரு, நாங்க வாங்குவோம். என் மிஷின்லயும் நேத்து சாயந்தரம் வரைக்கும் இருந்துச்சு. கட்டை இல்லாம ஆயிரத்து எண்ணூறு வராதுங்க. வேணும்னா நீங்களே வந்து நின்னு பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும், டப்பாவுக்குள்ளிருந்து ஆள் தலை வந்ததைப் பார்த்துக் கைகொட்டியது.

இறுதி விசாரணையில் நிர்வாகம் ஒரு தந்திரம் செய்து பார்த்தது. பழியை ஆஞ்சப்பன் தலையிலிருந்து எடுத்து அப்படியே திம்மராயன் தலையில் வைக்கப் பார்த்தது. கட்டை அவர் பையில்தானே இருந்தது? சின்னவனைக் காப்பாற்ற இன்னொரு சின்னவனைப் பலி கொடுத்தால் கணக்கு முடிந்தது. ஆயிரத்தெண்ணூறு என்று எழுதியவன் நாற்காலி ஆடாது. ஆனால் இம்முறை ஆபரேட்டர்கள் வாயைத் திறந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர், 'எனக்கும் கட்டை கொடுக்கப்பட்டது, நானும் செருகினேன், டார்கெட்டைக் குறைக்காதவரை வேறு வழியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முப்பத்தெட்டுப் பேரையும் வெளியே அனுப்பினால் பிராக்கெட் அடிக்க ஆள் யார்? திம்மராயன், தம் பழைய வாக்குமூலம் யார் சொல்லி எழுதியது என்று புதிதாக ஒன்று எழுதினார். முந்தியதைவிட இதில் கையெழுத்து நேராக இருந்தது.

ஆஞ்சப்பன் மீதான குற்றச்சாட்டு ரத்தானது. டார்கெட் ஆயிரத்து முந்நூறுக்கு இறங்கியது. பிரஸ்களுக்குக் காப்புக் கதவு வந்தது. நம் நாட்டு வேகத்தில், ஒன்பது மாதம் கழித்து. கௌஸுக்கும் ஒரு கடிதம் வந்தது. 'அனுமதிக்கப்பட்ட வசனத்துக்குப் புறம்பாக மேடையில் பேசியதற்காக' எச்சரிக்கை. அனுமதிக்கப்பட்ட வசனம் என்று ஒன்று இருக்கவே இல்லை என்பதை அவன் பதிலாக எழுத, அதைத் திருத்திக் கொடுத்தவர் கோவிந்தப்பன்.

அவர்கள் சண்டை தீர்ந்ததா என்றால் இல்லை. "சிரிப்பால ஒண்ணும் நடக்கல. நீ தலையைக் கழட்டிட்டு சீரியஸாப் பேசினியே, அதனாலதான் நடந்துச்சு" என்பார் கோவிந்தப்பன். "நீங்க சிரிச்சு எழவெடுத்து வராம நின்னீங்களே, அதனாலதான் நடந்துச்சு" என்பான் கௌஸ். டீ ஆறிப்போகும்வரை பேசுவார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது, இருவருக்கும் அது தெரியும், அதனால்தான் விடவில்லை.

ஆஞ்சப்பனுக்கு இனி பிரஸ் வேலை முடியாது. ஷிப்ட் தொடங்குமுன் ஒவ்வொரு பிரஸ்ஸின் பொத்தானையும் கதவையும் சோதித்துச் சீட்டில் கையெழுத்துப் போடும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் கையெழுத்து இல்லாமல் எந்த மிஷினும் ஓடக்கூடாது. முதல் நாள் காலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையும் சட்டையில் அட்டையுமாக, ஆறாம் நம்பருக்கு வந்து நின்றான்.

"வாங்க சார், வாங்க" என்றான் கௌஸ். "இன்ஸ்பெக்டர் ஐயா வந்துட்டாரு. மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க ஆளில்லையே. சீக்கிரம் சீட்டுல போடு சாமி, எனக்கு ஆயிரத்து முந்நூறு அடிக்கணும்."

ஆஞ்சப்பன் சிரிக்கவில்லை. குனிந்து இடது பொத்தானின் சந்தைப் பார்த்தான். வலது பொத்தானைப் பார்த்தான். கதவை மூடித் திறந்து, மறுபடி மூடித் திறந்தான்.

"ரெண்டு கையும் வை" என்றான்.

"டேய், நான்டா."

"ரெண்டு கையும் வை கௌசு."

கௌஸ் இரண்டு கையையும் வைத்தான். இரும்பு இறங்கி ஏறியது. ஆஞ்சப்பன் சீட்டில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிச் செருகிக்கொண்டான். அதற்குப் பிறகுதான், மாப்பிள்ளைக்கு ஆரத்தி என்றதை நினைத்து வாய்விட்டுச் சிரித்தபடி ஏழாம் நம்பருக்கு நகர்ந்தான்.